அப்பா கைக்குப் பொருந்திய கத்தி

காஞ்சிபுரம்,
14.10.2003

அன்புள்ள சுகாசினிக்கு அம்மா ஆசிகளோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் இடது கட்டைவிரலைத் தவிர. அதற்கும் ஆபத்தில்லை, பதறாதே, எப்படி ஆயிற்று என்று கீழே எழுதுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, வாந்தி கொஞ்சமாவது அடங்கியதா. உப்பு நார்த்தங்காய் இருந்தால் இரண்டு வாய் தயிர்சாதமாவது இறங்கும் என்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. உங்கள் ஊரிலிருந்து லீவில் வந்திருக்கும் நம் தெருப் பரசுராமன் தீபாவளி கழிந்ததும் மஸ்கட் திரும்புகிறான், ஜாடியை அவன் கையில் கொடுத்தனுப்புவதாகப் பேசிவிட்டேன். மழை பிடிப்பதற்குள் காயை அறுபடாமல் சுருள் சுருளாக நறுக்கி, உப்பு அடைத்து, வெயில் காட்டியாக வேண்டும் என்று ஒரு கூடை வாங்கியும் வைத்தேன். காய் இருந்தது, கல்லுப்பு இருந்தது, வெயில்கூட நல்லபடியாக அடித்தது, கத்திதான் இல்லை. அதற்குக் காரணம் உன் அப்பா.

அவரைத்தான் உனக்குத் தெரியுமே. காலமெல்லாம் பட்டு சொசைட்டியில் உட்கார்ந்து, நெசவாளிகள் கொண்டுவரும் புடவையை விரித்துப் போட்டு, கரை கோணல், முந்தி குறைச்சல் என்று குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவர். ரிட்டையர் ஆன பிறகு குற்றம் கண்டுபிடிக்க நான் ஒருத்திதான் மிச்சம் இருந்தேன். அந்தச் சமயம் பார்த்து, வாலாஜாபாத் கொல்லரிடம் வாங்கிய என் கத்தியின் பிடி ஆட ஆரம்பித்தது. கொஞ்சம் அரக்கு உருக்கி ஊற்றிக் கொடுங்கள் என்று நானாகத்தான் வாயைக் கொடுத்தேன், சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, செருப்புக்கு அளவு இருக்கிறது, ரவிக்கைக்கு அளவு இருக்கிறது, கத்திப் பிடிக்கு மட்டும் ஏன் ஊருக்கெல்லாம் ஒரே அளவு என்று கேட்டார். மறுநாளே அரமும் ரம்பமும் உளியும் வாங்கி வந்துவிட்டார்.

அதற்கப்புறம் நம் வீட்டில் மரமாக இருந்ததெல்லாம் பிடியாகிவிட்டது. உலக்கை ஒரு முழம் குறைந்துவிட்டது, பழைய கட்டிலுக்கு மூன்று கால்தான், நாலாவது காலுக்குச் செங்கல். கத்தியின் வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கும்போது எழும்பும் புகைக்கு, யார் வீட்டில் ஹோமம் என்று தெருமுனையிலிருந்து வந்து விசாரிக்கிறார்கள். அளவெடுக்கிற முறையைக் கேட்டால் நீ சிரிப்பாய். சப்பாத்தி மாவை உருண்டை பிடித்துக் கையில் கொடுத்து, கத்தியைப் பிடிப்பதுபோல் அழுத்தச் சொல்கிறார். அந்த மாவில் பதிந்த விரலைப் பார்த்து ஜோசியக்காரர் மாதிரி, உங்கள் சுண்டுவிரல் வேலையே செய்வதில்லையே என்கிறார். தெருப் பெண்களெல்லாம் கத்தியும் மாவுமாக வரிசையில் நின்றார்கள். பக்கத்து வீட்டு எல்லம்மாள்கூட வந்தாள். அவள் புருஷன் நெய்த புடவையை உன் அப்பா எத்தனை தரம் திருப்பி அனுப்பியிருப்பார், அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாமல் வந்தாள் என்று நினைத்தேன்.

எல்லார் கையையும் அளந்தவர் என் கையை மட்டும் அளக்கவில்லை. நானும் மாவை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். உன் கை எனக்குத் தெரியாதா, முப்பது வருஷமா பார்த்துக்கினுதானே இருக்கேன் என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அதைக் கேட்டு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. பிடி தயாராவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. தெருவிலுள்ள கத்தி அத்தனையையும் நம் கூடத்தில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்தார். படைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடியாமல் தொடக்கூடாது என்பது அவருக்குப் படைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. பண்டிகை நாளும் அதுவுமாகத் தெருவில் ஒரு வீட்டிலும் பூசணிக்காய் நறுக்க வழியில்லை, எல்லார் வீட்டிலும் அப்பளமும் ரசமும்தான். அன்றைக்கு நம் வீட்டைப் பார்த்துப் பேசினதையெல்லாம் கடிதத்தில் எழுத முடியாது.

மறுநாள் கற்பூரம் காட்டி முடித்ததும் நான் கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கத்தியைக் கையில் எடுத்தால் பிடி உலக்கை மாதிரியே இருக்கிறது, என் விரல் ஒன்றோடொன்று தொடவில்லை. முதல் நார்த்தங்காயில் பாதிச் சுருள் வருவதற்குள் கத்தி வழுக்கிக் கட்டைவிரலில் இறங்கிவிட்டது. அப்பா ஓடி வந்தார், மஞ்சள் வைத்துக் கட்டினார், அதோடு விட்டிருக்கலாம். பிடி சரியாத்தான் இருக்குது, நீ புடிக்கிறதுதான் தப்பு என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த மாதிரி நான் பேசுகிறேனாம். இப்படிப் பிடிக்கணும் என்று கத்தியை வாங்கிப் பிடித்துக் காட்டினார். அவர் கையில் அது தையல்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டை போல உட்கார்ந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கை என்று நினைத்துக்கொண்டு மனுஷர் தன் கைக்கே செய்திருக்கிறார், இத்தனை வருஷத்தில் ஒரு வெங்காயம்கூட உரிக்காத கைக்கு. விரல் வலித்ததைவிட எனக்கு அதுதான் வலித்தது, அழுதுவிட்டேன். தெருவுக்கெல்லாம் கை இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லையா.

அந்த நேரம் பார்த்து எல்லம்மாள் தன் கத்தியோடு உள்ளே வந்தாள். புடவையை விரித்து வைத்துப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்து, சார், புடி கோணலா இருக்குது, எடுத்துக்கினு போயி சரி பண்ணிக்கினு வாங்க, இப்டியே வாங்கிக்க முடியாது என்றாள். சொசைட்டியில் அவள் புருஷனிடம் அவர் சொல்லிவந்த வார்த்தை அட்சரம் பிசகாமல். எனக்கும் தைரியம் வந்துவிட்டது. இந்தப் பிடி யார் கைக்குப் பொருந்துகிறதோ அவர்தான் நறுக்க வேண்டும் என்று கூடையை அவர் பக்கம் நகர்த்தினேன். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு என்றதும் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தார். ஜாடியின் அடியில் துண்டும் துணுக்குமாகக் கிடப்பதெல்லாம் அவருடைய முதல் நாள் கைவரிசை, கரை கோணல் என்று நீ திருப்பி அனுப்பிவிடாதே. மேலே வர வர நன்றாகவே சுருண்டிருக்கும். நேற்று மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, தினமும் இதைத்தான் பண்ணுகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல.

இன்று காலையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு உருண்டை எடுத்து என் முன்னால் நீட்டி, அழுத்திக் கொடு, உன் கைக்கே புதுசாகச் செய்கிறேன் என்றார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் அழுத்தவில்லை, விரல் ஆறட்டும் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் விரல் ஆறி இரண்டு நாளாகிறது. பிடி என் கைக்குப் பொருந்திவிட்டால் மறுபடியும் நான்தானே நறுக்க வேண்டும்.

மாத்திரையை மறக்காமல் சாப்பிடு, குடம் பக்கெட் எதையும் தூக்காதே, மாப்பிள்ளைக்கு வெங்காயம் நறுக்கப் பழக்கிவிடு. வரதரும் காமாட்சியும் உன்னையும் வயிற்றிலிருப்பதையும் காப்பாற்றட்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், போனில் அப்பாவிடம் தொட்டில் பேச்சை எடுக்காதே. தேக்குத் தொட்டிலை எல்லம்மாள் வீட்டுப் பரணில் ஒளித்து வைத்திருக்கிறேன், நீ பிரசவத்துக்கு வரும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.

உன் அன்புள்ள அம்மா,
ந. கமலவேணி