படகுத்துறைக்கு முன்னால் நெல்

மே 26

ஞாயிறு பூசையில் பாதிரியார் சொன்னார்: பூர்வகுடிகளோடு உறவைச் சீராக்குவது அரசாங்கத்தின் வேலை மட்டுமல்ல, ஆளுக்கு ஓர் அடியாவது எடுத்துவைக்க வேண்டும். இன்று வைத்தேன். ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் சங்கக் கூட்டத்தின் தொடக்கத்தில், 'இந்த நிலமும் நீரும் அனிஷினாபே மக்களுடையவை' என்ற உரையை நானே எழுந்து வாசித்தேன். மடத்துப் பள்ளியில் எனக்குப் பாடம் சொன்ன சிஸ்டர் அலோய்ஷியஸ் கேட்டிருந்தால் உச்சரிப்புக்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பார். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். (மகரந்த ஒவ்வாமையாம்.)

அடுத்த பொருள்: ஏரியில் மண்டும் காட்டு நெல்லை இயந்திரம் வைத்து வெட்டுவது. படகு மோட்டாரில் சிக்குகிறதே. சம்மதம் என்று கை தூக்கினேன். எல்லாரையும்விட நேராக.

வாசலில் டார்லீன் மார்ஸ்டன் நின்றாள். நகரத்து மருந்துக்கடை அவளுடையது, அக்கரை அனிஷினாபே ஊர்க்காரி, பின்வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"பிரமாதமா வாசிச்சீங்க, மிசஸ் காரிகன். அந்த நெல்லு நாங்க சாப்பிடறது. அதுவும் நீங்க வாசிச்ச தண்ணியிலதான் இருக்கு."

காரில் உட்கார்ந்து வெகுநேரம் சாவியைத் தேடினேன். கையில்தான் இருந்தது.

மே 27

பத்து நிமிடம். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என்ன பெண்மணி நான்?

ஜூன் 11

மருந்துக்கடைக்குப் போனேன். பேச வந்ததை விட்டுவிட்டு இருமல் மிட்டாய் விலையைக் கேட்டேன்.

"என்கிட்ட என்ன கூச்சம்? உங்க மலச்சிக்கல் வரைக்கும் தெரிஞ்சவ நான்," என்றாள் டார்லீன், கடையே கேட்கும்படி.

என் படகுத்துறை வழியாக அவர்கள் எப்போது வேண்டுமானாலும் ஏரியில் இறங்கலாம், என் பக்கத்து நெல்லை அறுக்கலாம் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொன்னாள்.

ஜூன் 15

விருந்தாளி வருமுன் வீடு சுத்தமாக இருக்க வேண்டாமா? ஜன்னல்கள், விரிப்புகள், வெள்ளிக் கரண்டிகள். பிறகு கரை. படகுத்துறைக்கு முன்னால் தண்ணீர்மேல் பச்சை நாடாபோல ஏதோ அலங்கோலமாகக் கிடந்தது. காலமான என் கணவர் பேசிலின் பழைய வாரியை எடுத்து, முழங்கால் தண்ணீரில் நின்று, ஒன்று விடாமல் வாரினேன். இந்த வயதில்! இடுப்பு போய்விட்டது. ஆனால் தண்ணீர் கண்ணாடி.

ஜூன் 16

டார்லீன் கண்ணாடித் தண்ணீரைப் பார்த்தாள். கரையில் நான் ஒழுங்காகக் குவித்திருந்த குவியலைப் பார்த்தாள்.

"இத யாரு பண்ணது?"

"நானேதான்!" (பெருமை வேறு.)

"நெல்லு நிமிர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் தண்ணி மேல படுத்திருக்கும்."

நான் படகுத்துறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிப்பு. "ஐயோ, மிஷின்கூட இவ்ளோ சுத்தமா எடுக்காது!" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. மீதி இருப்பது என் எல்லை ஓரமாக ஒரு திட்டு மட்டும். அதையும் ஜூலையில் வெட்டுகிறார்கள். நான் கை தூக்கியதால்.

ஜூலை 7

சங்கத் தலைவர் க்ளைவ் டெம்பிள்டன் வந்தார். வெட்டும் இயந்திரத்தை ஏரியில் இறக்கச் சரிவான கரை என்னுடையது ஒன்றுதான்.

"சும்மா ஒரு வார்த்தைதான், யூனிஸ். செவ்வாய்க்கிழமை எறக்கிடலாம்."

"முடியாது, க்ளைவ்."

"நீங்கதானே கை தூக்கினீங்க?"

"எறக்கிட்டேன்."

"பேசில் இருந்திருந்தா அவரே முன்ன நின்னு புடுங்கியிருப்பார்."

"பேசில் நெறைய தப்பு பண்ணினார். என்னைக் கட்டினது ஒண்ணுதான் சரியாப் பண்ணினது."

"அப்ப படகு வெளிய போகாது. உங்களுதும்தான். சீட்டாட்டத்துக்கும் எங்க வீட்டுப் பக்கம் வரவேண்டாம்."

கதவை மெதுவாகச் சாத்தினேன். மடத்தில் படித்தவள் அறைந்து சாத்தமாட்டாள். பிறகு சமையலறைக் கதவை அறைந்து சாத்தினேன்.

ஆகஸ்ட் 1

வியாழன். சீட்டாட்டம் இல்லை. தனியாக ஆடினேன். தோற்றேன்.

செப்டம்பர் 5

இன்று அறுவடை. டார்லீன் பின்னால் நின்று கழியால் ஓடத்தைத் தள்ளினாள்; என்னை முன்னால் உட்காரவைத்து இரண்டு கோல் கொடுத்தாள். ஒன்றால் கதிரை ஓடத்துக்குள் வளைக்க வேண்டும், மற்றதால் தட்ட வேண்டும்.

"மெதுவா! கணக்கு தெரியாத புள்ளய அடிக்கிற மாதிரி அடிக்காதீங்க."

பாதி ஓடத்தில் விழுந்தது, பாதி தண்ணீரில். என் வீட்டு மேஜையில் ஒரு பருக்கை சிந்தினால் எனக்குத் தூக்கம் வராது. என் படகுத்துறைக்கு முன்னால் வந்தபோது, சேர்ந்ததிலிருந்து ஒரு கூடை நெல்லை என் மடியில் வைத்தாள்.

"இங்க தண்ணியில மொத்தத்தையும் கொட்டுங்க."

"மொத்தமுமா?"

"புடுங்கினது நீங்கதானே?"

கொட்டினேன். என்னைவிட நன்றாகச் சிந்த யாராலும் முடியாது.

ஜூன் 14

வருடம் திரும்பிவிட்டது. க்ளைவ் இன்னும் வணக்கம் சொல்வதில்லை. படகு கொட்டகையில் கிடக்கிறது, விற்றுவிடலாம்.

காலையில் படகுத்துறைக்கு முன்னால் தண்ணீர்மேல் பச்சை நாடாக்கள். குறுக்கும் நெடுக்குமாக, தலை வாராத பிள்ளையைப்போல. அலங்கோலம். பார்க்கப் பார்க்கக் கை அரித்தது.

வாரி டார்லீன் வீட்டில் இருக்கிறது. நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். என்னை எனக்குத் தெரியாதா?