நான் கழித்துவிட்ட மேற்கோள்கள்

அன்புள்ள வாலுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் குளிருக்குப் பழகிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, தெம்பாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. அம்மாவை நான் கட்டிக்கொண்டபோது நீ கல்லூரியில் சேர்ந்துவிட்டாய், உனக்கும் எனக்கும் பன்னிரண்டு வயதுதான் வித்தியாசம், என்னை அப்பா என்று கூப்பிட உனக்கு வாய் வரவில்லை, கூப்பிட்டிருந்தால் எனக்கும் காது கூசியிருக்கும், அதனால் சித்தப்பா என்று நாமே பேசி முடித்துக்கொண்டோம். ஆனாலும் பெற்றவன் இடத்தில் நின்று இன்று ஒன்று சொல்லியாக வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், பக்கத்து அறையில் இருக்கிற அம்மா காதில் விழும். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்பது எனக்கே தெரியாது.

வீட்டு விஷயம் முதலில். மொட்டைமாடித் தொட்டி மறுபடி ஒழுகுகிறது, வந்து பார்த்த பிளம்பர் போன தடவை பூசியவனைத் திட்டினான், போன தடவை பூசியதும் அவன்தான், அதை நான் சொன்ன பிறகு சத்தமில்லாமல் வேலை செய்தான். உன் அறையில் இப்போது காலை வைக்க இடமில்லை. அம்மாவின் ஆய்விதழ் அலுவலகத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், விற்காத பழைய பிரதிகள் எல்லாம் கட்டுக் கட்டாக உன் கட்டிலுக்கு அடியிலும் மேலேயும் இருக்கின்றன. தூக்கி வந்து போட்டவர் பார்சல் அறை கோந்து அண்ணன்தான். தபாலில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் கட்டி அனுப்புகிறவர், இத்தனை வருஷமாக லேபிள் ஒட்டினால் காய்கிறவரை அதன்மேல் அம்மாவின் இதழைத்தான் பாரமாக வைப்பாராம். இனிமேல் எதை வைப்பது என்று அம்மாவிடமே கேட்டார். அவள் சிரித்தாள். அன்று முழுக்க அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அவளைத் திட்டினாய். பதினெட்டு வருஷம் நடத்திய இதழை ஒரு கூட்டத்தில் கைகழுவிவிட்டு வந்திருக்கிறாய், உனக்குப் போராடவே தெரியாது, எப்போதும் இப்படித்தான் என்றாய். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன். அவள் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது, நேராகச் சொல்கிறேன், உட்கார்ந்து படி. அவள் இதழைக் கைகழுவியது உனக்காக.

தொலைநிலைக் கல்வித் துறையில் இந்த வருஷம் புதிதாக ஒரு விதி வந்தது. இதழுக்குப் பணம் தொடர வேண்டுமானால் அதற்கு வெளியே என்ன செல்வாக்கு என்று அளந்து காட்ட வேண்டும். நூலகத்தில் கணினி பார்க்கிறவன் என்பதால் அளக்கிற வேலை என்னிடம் வந்தது. அளப்பது பெரிய வித்தை இல்லை, மற்றவர்கள் எழுதுகிற கட்டுரைகளில் நம் கட்டுரைகளை எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி, நாம் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். நிரல் எழுதி ஓடவிட்டேன். வருஷவாரியாக வரைபடத்தில் ஒரு கோடு வந்தது. பல வருஷம் தரையோடு கிடந்த கோடு கடைசி மூன்று வருஷமாக ஏறிக்கொண்டே போயிருந்தது. அம்மா அந்தப் படத்தை அச்செடுத்து அலமாரிக் கதவில் ஒட்டினாள், பார்சல் அறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நம்மையும் யாரோ படிக்கிறார்கள் என்று சொன்னாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

நான் அதோடு விட்டிருக்கலாம். எனக்கு அது முடியாது, ஒரு கோடு காரணமில்லாமல் ஏறினால் எனக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு மேற்கோளும் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தேன். உன் பெயர் வந்தது. மறுபடியும் வந்தது. நீ எழுதியது, உன் ஆராய்ச்சிக் குழு எழுதியது, உன் அறைத்தோழி எழுதியது. நம் இதழ் சின்னது, வருஷத்துக்கு இரண்டு தடவை வருவது, ஒரு ஆள் விடாமல் ஏழெட்டு மேற்கோள் போட்டாலே சராசரி துள்ளிக் குதிக்கும். நீங்கள் போட்டதைக் கழித்துவிட்டு ஓடவிட்டால் கோடு பழையபடி தரையில். ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியும். அவளுடைய அறுவைச் சிகிச்சை சமயத்தில், நான் செத்தால்கூட இந்த இதழ் நின்றது யாருக்கும் தெரியாது என்று உன்னிடம் அழுதாள், அதற்கு அடுத்த கட்டுரையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. திட்டவில்லை. ஆனால் ஆய்விதழ்களுக்குத் தரம் போடுகிற பட்டியல்காரர்கள் இதைப் பாசம் என்று எழுத மாட்டார்கள், ஏற்பாடு செய்த மேற்கோள் என்றுதான் எழுதுவார்கள், பட்டியலிலிருந்து இதழைத் தூக்குவதோடு யார் செய்தது என்று பெயரையும் போடுவார்கள். ஆசிரியரின் மகள் என்று ஒரு வரி சேர்ந்தால் போதும், உன் வேலை ஒப்பந்தத்தை அங்கே எவன் புதுப்பிப்பான்?

துணைப் பதிவாளரிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். எதற்குக் கிளறுகிறீர்கள், ஏறுகிற கோடு ஏறட்டும் என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பக்குவமாகச் சொல்லியிருக்கலாம், தட்டில் கை வைத்திருந்தவளிடம் அப்படியே போட்டு உடைத்தேன். அவள் கோபப்படவில்லை. "அப்ப வேற யாருமே படிக்கலையா?" என்று கேட்டாள். நான் அவள் தட்டில் ரசம் ஊற்றினேன். அதுவே பதிலாகிவிட்டது. பிறகு கை கழுவிக்கொண்டு வந்து, "அவ போட்டது எல்லாத்தையும் எடுத்துடு. மிச்சம் என்னவோ அதைக் குடு. அவகிட்ட மட்டும் சொல்லிடாத, தாங்க மாட்டா" என்றாள். கூட்டத்தில் அந்தத் தரையில் கிடக்கிற கோட்டை அவளே எழுந்து காட்டினாள். ஏன் திடீரென்று விழுந்தது என்று கேட்டவர்களிடம் முதலில் எண்ணியதில் தவறு என்று சொன்னாள், அதோடு இதழுக்குப் பணம் நின்றது. தவறு என்னுடையது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இருக்கட்டும், எனக்கு அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் நான் எடுக்கவில்லை. இது அவளுக்கு அப்புறம்தான் தெரியும். எடுப்பதற்கு முன் நீ எழுதியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். பெரும்பாலும் இன்னாரும் சொல்லியிருக்கிறார்கள் என்று அடைப்புக்குறிக்குள் அடுக்கி வைத்தது, சத்தியமாக நீ அந்தக் கட்டுரைகளைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாய். ஒன்றே ஒன்று வேறு மாதிரி இருந்தது. விடைத்தாள் திருத்தித் திரும்பி வரத் தாமதமாவதால்தான் தபாலில் படிக்கிறவர்கள் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று அம்மா முன்பு எழுதியிருந்தாள். அது தப்பு என்று நீ இரண்டு பக்கம் சண்டை போட்டிருக்கிறாய், சீக்கிரம் வந்த தாளில்கூட மதிப்பெண்ணைத் தவிர ஒரு வார்த்தை எழுதியிருக்காது, அதைப் பார்த்துத்தான் விட்டுப் போகிறார்கள் என்று. அதை மட்டும் நான் கழிக்கவில்லை. எவன் கேட்டாலும் அது மேற்கோள்தான் என்று நிற்பேன். அந்தப் பக்கங்களை அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள். "நான் எத்தனை நாள்னு எண்ணிட்டு இருந்திருக்கேன். தாளைத் திருப்பியே பார்க்கல" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி இதழ் அச்சாகி வந்துவிட்டது. அதில் உனக்கு அவள் ஒரு பதில் எழுதியிருக்கிறாள், மகள் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை, ஆய்வாளர் என்றுதான் எழுதியிருக்கிறாள். பிரதி ஒன்றைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நீ செய்ய வேண்டியது இரண்டு. போன வாரம் எனக்கு நகல் அனுப்பினாயே ஒரு கட்டுரை, அதில் மறுபடியும் நம் இதழிலிருந்து நான்கு மேற்கோள் போட்டிருக்கிறாய், அச்சாவதற்குள் அவர்களுக்கு எழுதி எடுத்துவிடு, சாக்குச் சொல்லாதே. இரண்டாவது, அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடாதே, கேட்டால் நான் சொன்னது தெரிந்துவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை, அது அவளுக்கு வேண்டாம். உன் வேலைக்கு ஒரு குறையும் வராமல், உன் பெயர் சுத்தமாக இருந்து, நீ நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும், நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொள்வது அதுதான். வென்னீர் குடி. இருமலை அலட்சியம் செய்யாதே. பிரதி வந்ததும் அவள் பதிலை முழுக்கப் படி, இரண்டாவது பகுதியில் அவள் வாதம் நிற்கவில்லை, எனக்கே தெரிகிறது, உனக்குத் தெரியாமல் இருக்காது. அதை எழுதி அனுப்ப இனி இதழ் இல்லை. போனில் கூப்பிட்டுச் சொல், தப்பு என்று சொல், ஏன் தப்பு என்று கடைசிவரை சொல்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா