விரல் வைத்த இடம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் உன் மாமா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிட்டத்துக்குள் இருக்கும் ஒரு தசைதான் காலுக்குப் போகிற நரம்பை நெரித்துக்கொண்டிருந்ததாம். அதை வெட்டிவிட்டதும் காலில் ஓடிய நெருப்பு அணைந்துவிட்டது. தையல் போட்ட இடம் அவ்வப்போது சுருக்கென்கிறது, அதெல்லாம் ஒரு வலியா? நேற்று மெஷினில் உட்கார்ந்து ஒரு சட்டையே தைத்துவிட்டேன்.

இத்தனை வருஷமாக ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று மாமா டாக்டர்களைத் திட்டித் தீர்க்கிறார். தப்பு என் மேல்தான் என்பது அவருக்குத் தெரியாது. வலித்தது உட்காரும் இடத்தில். ஆம்பிளை டாக்டரிடம் அதை எப்படிச் சொல்வது? போன இடமெல்லாம் "இடுப்பு வலி" என்றே சொன்னேன். அவர்களும் பாவம், இடுப்பையே படம் எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெண் டாக்டர்தான், "வாயால சொல்ல வேணாம்மா, விரலை வச்சுக் காட்டுங்க" என்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டு வைத்தேன்.

சிரிக்கிறாயா? நன்றாகச் சிரி. ஆனால் போன வாரம் போனில், "ஒண்ணுமில்லக்கா, தோள்பட்டை வலிதான்" என்றாயே, நான் டாக்டர்களிடம் "இடுப்பு" என்று சொன்ன அதே குரல் அது.

தோள்பட்டைதானா?

அந்த டாக்டரிடம் உனக்கும் நேரம் வாங்கிவிட்டேன். அழைத்துப்போக நானே பஸ்ஸில் வருகிறேன். வழியெல்லாம் உட்கார்ந்தே வருவேன்.

உன்னைப் பெறாத குறையாக வளர்த்த,
அக்கா