பெயர் எழுதாத சாம்பிள்

2-2-63, சனி

காலையில் பனி. காவிரிப் பாலத்தில் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. லேபுக்குப் பத்து நிமிஷம் தாமதம். யாரும் கவனிக்கவில்லை.

இன்று பார்த்தவை: மோஷன் 14, சிறுநீர் 9, சளி 6. மைக்ரோஸ்கோப் லென்ஸில் கீறல். மூன்றாவது தடவை எழுதிப் போட்டிருக்கிறேன்.

ஆண்கள் வார்டு, ஆறாம் கட்டில், முத்தையா. வயது 24. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஒரு மைல் ஓட்டத்தில் இரண்டு வருஷமாக ஒர்க்‌ஷாப்பில் முதல். தொடையில் கட்டி அறுத்தபோது வேறெங்கோ கேப்ஸ்யூல் கொடுத்திருக்கிறார்கள். கட்டி ஆறிவிட்டது. வயிறு போக ஆரம்பித்துவிட்டது. இன்றோடு பன்னிரண்டு நாள். நேற்று மட்டும் 19 தடவை. கெண்டைக்கால் சதை தொங்குகிறது.

சாயங்காலம் பெரிய டாக்டர் லேபுக்கே வந்தார். கையில் அமெரிக்கப் பத்திரிகை.

"கேப்ஸ்யூல் கெட்ட கிருமியோட நல்ல கிருமியையும் கொன்னுடுச்சு, வரதன். காலி வீட்ல ரவுடி பூந்துட்டான். பழைய குடித்தனக்காரங்களைத் திரும்பக் குடி வைக்கணும்."

"எங்கேர்ந்து சார்?"

"நல்லா இருக்கிற ஒருத்தர் வயித்துலேர்ந்து."

புரிய அரை நிமிஷம் ஆயிற்று. இருபது வருஷமாக மோஷனையே கிளறிக்கொண்டிருக்கும் எனக்கே.

இந்தப் பக்கம் யாரும் செய்து டா.வுக்குத் தெரியாதாம். முத்தையாவின் மனைவி கமலத்திடம் சொல்லிச் சம்மதம் கேட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு, "ஆளு பொழச்சாப் போதும் டாக்டர். அவருக்கு மட்டும் இப்ப சொல்லாதீங்க. ஒர்க்‌ஷாப்புல தெரிஞ்சா சிரிப்பாங்க."

3-2-63, ஞாயிறு

லீவு இல்லை. யார் கொடுப்பது என்று காலையிலிருந்து பரிசோதனை.

கமலம்: கொக்கிப்புழு முட்டை.
முத்தையாவின் அண்ணன், ஆள் தூண் மாதிரி: அமீபா.
வார்டு சிஸ்டர்: மாட்டேன் என்றுவிட்டார்.
டா.: அமீபா. மூன்று தடவை பார்க்கச் சொன்னார். மூன்று தடவையும் இருந்தது. முகம் சுண்டிவிட்டது.
நான்: ஒன்றுமில்லை.

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறேன் என்று உத்திர வீதியில் என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. அதன் பலன் இது.

"அப்ப நீங்கதான் வரதன். நாளைக்கு அவனுக்குக் குளுக்கோஸ் ஏத்தி, குடலைக் கழுவி வைக்கிறேன். செவ்வாய் காலைல எட்டு மணிக்கு ஃப்ரெஷ்ஷா வேணும்."

தலையாட்டினேன். யுத்தத்துக்கு ரத்தம் கொடுத்தபோது பிஸ்கட்டும் கைதட்டலும் கிடைத்தன. இதற்கு என்ன கிடைக்கும் என்று தெரியவில்லை.

வீட்டில் வேதாவிடம் சொல்லவில்லை. என் உத்தியோகத்துக்கே தினமும் கிணற்றடியில் ஸ்நானம் செய்தால்தான் உள்ளே விடுகிறாள். இதையும் சொன்னால் கிணற்றிலேயே தள்ளிவிடுவாள்.

4-2-63, திங்கள்

ஏகாதசி. வேதாவும் நானும் வழக்கம்போல் பட்டினி. துளசித் தீர்த்தம் மட்டும்.

மு. நிலைமை மோசம். 22 தடவை. கண் குழி விழுந்துவிட்டது. ஊசி போட இடம் தேட வேண்டியிருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டான்.

"மார்ச் கடைசில ஸ்போர்ட்ஸ் சார். ஓடிடுவேன்ல?"

"முதல்ல எந்திரிச்சு நடங்க."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

சலைன், புனல், கண்ணாடிக் குச்சி, கொதிக்க வைத்த மல் துணி. எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. எதையும் மறக்கவில்லை.

5-2-63, செவ்வாய்

5.30. ஒன்றும் வரவில்லை.
6.00. வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. நேற்று முழுக்கப் பட்டினி கிடந்தவன் வயிற்றில் என்ன இருக்கும்? டா. கிறிஸ்தவர், ஏகாதசியை அவருக்கு யார் சொல்வார்கள்? நான்தான் யோசித்திருக்க வேண்டும். இருபது வருஷ லேப் மூளை தூங்கிவிட்டது, கை தன் பாட்டுக்குத் தீர்த்தத்தை வாங்கிக்கொண்டது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

6.30 துவாதசிப் பாரணை. அகத்திக்கீரைக் கறமுது, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய். கீரையை மூன்று தடவை கேட்டு வாங்கினேன்.

வேதா கரண்டியோடு நின்றுவிட்டாள். "கசக்கறதுன்னு ஓரத்துல ஒதுக்குவேளே. இன்னிக்கு என்ன வந்துடுத்து?"

"உடம்புக்கு நல்லது."

"இதை நான் இருபது வருஷமா சொல்லிண்டிருக்கேன்."

மேலே இரண்டு டம்ளர் வெந்நீர்.

8 மணிக்கு வெறுங்கையோடு டா. முன்னால் நின்றேன்.

"ஆள் போயிட்டிருக்கான் வரதன். இன்னிக்குப் பார்த்து விரதமா?"

நியாயமான கேள்வி. வராந்தாவில் கமலம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவும் முடியாது, கேட்காமலும் இருக்க முடியாது, பாவம். எனக்குப் பயமாக இருந்தது. இந்த உத்தியோகத்தில் முதல் தடவை.

10.40. அகத்திக்கீரை கைவிடவில்லை.

சலைனில் கரைத்து, இரண்டு தடவை வடிகட்டினேன். 11.15க்கு டா. தன் கையாலேயே எனிமா கொடுத்தார். மு.விடம் "புது மருந்து" என்றார்கள். முகம் சுளித்தான், அவ்வளவுதான்.

ரெஜிஸ்டரில் பெயர் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டேன். பெயர் எழுதாத சாம்பிள் இது ஒன்றுதான்.

6-2-63, புதன்

மு. 9 தடவை. காய்ச்சல் 101லிருந்து 99. டா. மாடிப்படியில் விசில் அடித்துக்கொண்டு போனார்.

லென்ஸ் பற்றிப் பதில் இல்லை. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

7-2-63, வியாழன்

4. கஞ்சி கேட்டானாம்.

9-2-63, சனி

ஒன்று. கெட்டியாக. ஸ்லைடைப் பார்த்து "அழகு" என்று வாய்விட்டுச் சொன்னேன். நல்ல வேளை, பக்கத்தில் யாருமில்லை.

16-2-63, சனி

மு. டிஸ்சார்ஜ். தானே நடந்து போனான். கமலம் லேப் வாசலில் நின்று கும்பிட்டாள்.

"கறி இல்லாம சோறு எறங்காது சார் இவருக்கு. இப்பத் தயிர் சோறு, தயிர் சோறுங்கிறாரு. அதுவும் மாவடு வச்சு."

தயிர் சாதமும் மாவடுவும் என் தினப்படி ராத்திரிச் சாப்பாடு. டா.விடம் கேட்டேன், இப்படியெல்லாம் ஆகுமா என்று. சிரித்தார். "பத்தியச் சாப்பாடு பழகிடுச்சு, வேறென்ன" என்றார். பிறகு, "தெரியலை" என்றார்.

எனக்கு வேறு கவலை. நான் பஸ் பிடிக்கக்கூட ஓடியவன் இல்லை. அதுவும் அவனுக்குப் போயிருந்தால்?

24-3-63, ஞாயிறு

கடும் வெயில். பொன்மலை மைதானம். கமலம் சொல்லி அனுப்பியிருந்தாள். வேதாவிடம் ஆஸ்பத்திரி வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஒரு மைல். ஒன்பது பேர். மு. முதல் சுற்றில் ஏழாவது. இரண்டாவது சுற்றில் ஆறு. என் பக்கத்திலிருந்த ஒர்க்‌ஷாப் ஆள், "இவன் சாவக் கெடந்தான்யா" என்றார். கடைசிச் சுற்றில் இரண்டு பேரைத் தாண்டினான், கோட்டுக்கு முன்னால் இன்னொருவனை. மூன்றாவது. நான் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, தொண்டை எரிந்தது.

ரயில்வே குவார்ட்டர்ஸ், அவர்கள் வீடு. கமலம் உள்ளே போனதும் மு. மெதுவாகச் சொன்னான்:

"கமலம் எல்லாத்தையும் சொல்லிடுச்சு சார்."

நான் தரையைப் பார்த்தேன்.

"ரெண்டு நாள் சோறு எறங்கலை. அப்புறம் யோசிச்சேன். செத்திருந்தா எதைத் திங்கிறது?" சிரித்தான். "சாப்பிட்டுத்தான் போகணும் சார். இன்னிக்குக் கறி எடுக்கலை, நீங்க வர்றீங்கன்னு."

வெளி வீட்டில் நான் சாதம் சாப்பிட்டதில்லை. நாற்பத்துநாலு வயது. என் குடலில் இருந்ததை இவன் வாங்கிக்கொண்டு உயிரோடு உட்கார்ந்திருக்கிறான். இவன் வீட்டுச் சோற்றுக்கு நான் யோசிக்கிறேன். வெட்கமாக இருந்தது.

இலை போட்டார்கள். உட்கார்ந்தேன். சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், தயிர். இரண்டாம் தடவை சாதம் வாங்கினேன். சாம்பாரில் உப்பு கொஞ்சம் கூட.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் ஸ்நானம். வேதா இலை போட்டாள். பசியில்லை என்றேன்.

"எங்கே சாப்டேள்?"

சொன்னேன். பொன்மலையிலிருந்து ஆரம்பித்துப் பின்னாலேயே போய், எனிமா, சாம்பிள், ஏகாதசி, எல்லாம். அகத்திக்கீரையை எதற்குக் கேட்டேன் என்பது உட்பட.

போட்ட இலையை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"அந்தப் பிள்ளை எத்தனாவதா வந்தான்?"

"மூணாவது."

"சொல்லியிருந்தா இன்னும் ஒரு பிடி கீரை போட்டிருப்பேனே."