இடம் கொடாத புரதம்

2004 பிப்ரவரி 9, திங்கள்

மிளகாய் மூட்டைகள் கடை வாசலிலேயே கிடக்கின்றன. அவர் மாடியில் படுத்திருக்கிறார். இரண்டாண்டுகளாக என் கணவரின் இரத்தப் புற்றை அடக்கி வைத்திருந்த மாத்திரை இப்போது அடக்கவில்லை. வெள்ளணுக்கள் மறுபடியும் பெருகுகின்றன.

அடுத்த கடை வேலப்பன் விசாரித்தபோது, நோயின் இயல்பை முறையாக எடுத்துரைத்தேன். இரண்டு மரபணுக்கள் முறிந்து ஒட்டியதால் பிறந்த ஒரு புரதம், மற்றப் புரதங்களின் மீது ஓய்வின்றிப் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. ஏற்றப்பட்டவை உருமாறி, ‘பெருகு’ என்னும் ஆணையை உயிரணுவுக்குள் கொண்டு செல்கின்றன. மாத்திரை அந்தப் புரதத்தின் பள்ளத்தில் அமர்ந்து அதன் தொழிலை நிறுத்துகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், நூலகத்தில் அகராதியைத் துணைக்கொண்டு கற்றது இது.

“இத்தனை நல்லா சொல்லுதியளே அக்கா, பின்னே ஏன் அண்ணனுக்குக் கூடுது?” என்றார்.

நான் கல்லாவின் சில்லறையை எண்ணத் தொடங்கினேன்.

பிப்ரவரி 27

மருந்தளவைக் கூட்டினார்கள். முகம் வீங்கியது; அணுக்கள் குறையவில்லை.

மார்ச் 18, வியாழன்

மும்பைக்கு அனுப்பிய இரத்தத்தின் முடிவு வந்தது. டாக்டர் மீரா என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் ஒன்றே ஒன்று மாறியிருக்கிறதாம். திரியோனின் என்பது இருந்த இடத்தில் அதைவிடப் பருத்த ஐசோலூசின். அது இடிப்பதால் மாத்திரை பள்ளத்தில் அமர முடியாது. புரதமோ தன் தொழிலை மறக்கவில்லை. வேறு மருந்து இப்போதைக்கு இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்றுவதை அவருடைய உடல் தாங்காது. இந்த மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார்.

ஒண்ணு. ஒரே ஒண்ணு மாறினதுக்கா இவ்வளவு?

மார்ச் 19

காலை உணவுக்குப் பின் மாத்திரையைக் கேட்டார். உண்மையை மறைத்து நோயாளியைத் தேற்றும் உறவினர்களை எப்போதும் இகழ்ந்து வந்தவள் நான்.

கொடுத்தேன்.

ஏப்ரல் 4

குருத்தோலை ஞாயிறு. ஆலயத்துக்குச் செல்லவில்லை. மண்ணீரல் வீங்கி விலாவுக்குக் கீழே கல்போல் தட்டுப்படுகிறது. இரண்டு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் சொற்கள் ஒழுங்காக வருகின்றன. அதுவே அருவருப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 23, வெள்ளி

மாத்திரையை நீட்டினேன். கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

“இந்தக் குளிகை இனி எனக்குக் கேக்காதுன்னு அந்த டாக்டர் பிள்ளை அண்ணைக்கே சொல்லிட்டா. நானாட்டுத்தான் அவகிட்டக் கேட்டேன்.”

“பின்னே எதுக்குத் தின்னிய?”

“நீ காலையில தண்ணியும் குளிகையுமாட்டு வந்து நிப்பியே. கையில ஒண்ணுமில்லாம நிக்கத் தெரியாது பிள்ளே உனக்கு.”

நான் சுவரைப் பார்த்தபடி, புரதத்தின் கட்டமைப்பில் நேர்ந்த மாற்றம் என்று ஏதோ தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

“பிரசங்கம் கிடக்கட்டு. இனி வலிக்குமா? அதைச் சொல்லு.”

நான் படித்த எந்த நூலிலும் அந்த வினா இல்லை. தெரியல்லன்னு சொன்னேன். என் வாயால் நான் அதைச் சொல்லி அவர் கேட்டதே இல்லை போலும்; வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மே 30

வலித்தது.

ஜூன் 6

நேற்று மாலை அடக்கம் செய்தோம்.

ஆகஸ்ட் 2, திங்கள்

மீந்த மாத்திரைகளைத் திருப்பித் தர மருத்துவமனைக்குச் சென்றேன். வரிசையில் என்னருகே மாடம்மாள் என்றொருத்தி, வித்துரா என்னும் மலையூரிலிருந்து வந்தவள். மகளுக்கு இதே நோய். இன்றுதான் முதல் மாத்திரை. இது உள்ளே போய் என்ன செய்யும் என்று கேட்டாள். முழு விளக்கமும் நாவில் தயாராக நின்றது.

சாப்பிட்ட பிறகே கொடுக்க வேண்டும், இல்லையேல் வயிறு புரட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள் என்றேன்.

“உங்களுக்கு யாருக்குக்கா?”

“எனக்க வீட்டுக்காரருக்கு.”

“இப்ப எப்படி இருக்காவ?”

மாத்திரைப் பெட்டியைக் கைப்பைக்குள் தள்ளிக்கொண்டேன்.

“நிறையப் பேருக்கு இது நல்லாக் கேக்கும், கேட்டியா” என்றேன்.

அது உண்மைதான்.