இலைப் பெட்டிக் கதவு

என்னங்க,

சோறு குக்கர்ல இருக்கு. முட்டைப் பொரியல் மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

நேத்து குட்டி டிராக்டர்ல ஏறித் தோட்டம் பூரா இலை வாரினப்ப, "நீ ஒண்ணும் சொல்ல வேணாம், எல்லாம் எனக்குத் தெரியும்"னு எரிஞ்சு விழுந்தீங்க. சரின்னு நானும் வாயத் திறக்கல. பின்னாடி மாட்டியிருக்கிற இலைப் பெட்டியோட கதவு முதல் சுத்துலேருந்தே திறந்துதான் கிடந்துச்சு. வாரினதையெல்லாம் வழியெல்லாம் கொட்டிக்கிட்டே போனீங்க. கடைசியில இறங்கி நின்னு, "இந்த மரம் வேணும்னே பண்ணுது"ன்னு முறைச்சீங்களே, அப்ப சிரிப்ப அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கதவ மூடிக் கம்பியால கட்டிட்டேன். டிராக்டர் சாவி உங்க ஷூவுக்குள்ள. சாயங்காலம் உங்க தங்கச்சி வர்றா, அதுக்குள்ள வாரி முடிச்சிடுங்க. அவகிட்ட நான் எதுவும் சொல்லப் போறதில்ல. நேத்தே சொல்லியாச்சு.

இன்னொண்ணு: நேத்து நான் சும்மா இருந்தது கோபத்துல மட்டும் இல்ல. ஒவ்வொரு சுத்துலயும் ஜன்னலப் பாத்துக் கையாட்டினீங்க. கல்யாணமானதுலேருந்து ஒரே நாள்ல இத்தனை தடவ நீங்க என்னத் திரும்பிப் பாத்ததே இல்ல. கதவப் பத்திச் சொல்லியிருந்தா அதுவும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்.