சீல் வைத்த அறையில் என் மகளின் ஈஸ்ட்

அனுப்புநர்:
காப்பாளர்,
பழக் குளிர்பதனக் கிடங்கு,
சந்தைச் சாலை.

பெறுநர்:
உணவுப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
நகர அலுவலகம்.

பொருள்: கிடங்கின் பின்னறைக்கு வைத்த சீலை அகற்றி, உள்ளே உள்ள ஈஸ்ட் குப்பிகளைக் காப்பாற்ற வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. இக்கிடங்கில் இருபத்தோரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நீலப்பூசணம் பிடித்த ஆரஞ்சுகளைத் தினமும் கூடைகூடையாகக் கொட்டுவதால் சந்தையில் எனக்குப் 'பூசணக்காரர்' என்றே பெயர். அதைக் கேட்டு வளர்ந்த என் மகள், நுண்ணுயிரியல் படித்து, பழத்தோலில் இயல்பாகவே வாழும் ஓர் ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தாள். தோல் கீறிய இடத்தில் அது முந்திக்கொண்டு குடியேறி, அங்குள்ள சத்தையெல்லாம் தின்றுவிடும். பின்னால் வரும் பூசணம் பட்டினி கிடக்கும்.

2. உரிமையாளரின் அனுமதியோடு பின்னறையில் சோதித்தாள். ஊசியால் குத்தி வைத்த நூறு பழங்களில் அறுபத்து மூன்று அழுகின. அதேபோல் குத்தி, ஈஸ்ட் கரைசலில் முக்கியெடுத்த நூற்றில் ஒன்பதுதான். நம்பாமல் அவள் திரும்பத் திரும்ப எண்ணியதைக் கதவோரம் நின்று பார்த்தேன்.

3. அடுத்த சோதனைக்கு முன், பழத்தில் கிருமி கலப்பதாக வந்த பெயரில்லாப் புகாரின் பேரில் தங்கள் ஆய்வாளர், ஈஸ்ட் குப்பிகள் இருந்த ஃப்ரிட்ஜோடு அறைக்குச் சீல் வைத்தார். குறிப்பேட்டை நீட்டிய மகளிடம், "பதினஞ்சு நாள்ல முடிவு வந்துரும்மா" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. மூன்று மாதம் காத்திருந்த மகள், வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

4. ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவாள். சாப்பிட்டீர்களா என்பதற்கு முன்பே, "அப்பா, ஃப்ரிட்ஜ் ஓடுதா?" என்பாள். பூட்டிய கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஓடுதும்மா" என்பேன். சென்ற வியாழன் முதல் சத்தம் இல்லை. ஞாயிறன்றும் ஓடுவதாகவே சொன்னேன்.

5. ஈஸ்ட் அவ்வளவு சீக்கிரம் சாகாது என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஆகவே, தங்கள் ஊழியர் முன்னிலையில் அறையைத் திறந்து, குப்பிகளைக் கிடங்கின் குளிரறைக்கு மாற்ற உடனே அனுமதிக்கவும், சோதனை குறித்த முடிவை எழுத்தில் தரவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். வேலையைத் தொடரலாம் என்று தாங்கள் ஒரு வரி எழுதித் தந்தால், அதைக் காட்டி மகளைக் கூப்பிடுவேன். வெறுமனே வந்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இணைப்பு: சோதனைக் குறிப்பேட்டின் நகல்.

இடம்: கிடங்கு அலுவலகம்
நாள்: பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கிடங்குக் காப்பாளர்